தொண்டையில் நின்ற வரி

சங்கநாதம் அம்மையப்பன் ஒன்பது வாரமாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று அவருடைய கட்சிக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூர் மாவட்டத்தில் அதை நம்புவதற்கு ஆள் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. ஒரத்தநாட்டில் ஒருமுறை மழை பிடித்துக்கொண்டு, கூட்டம் கலைந்து, மைக் செட்காரர் குழாய்களையெல்லாம் கழற்றி வண்டியில் ஏற்றிய பிறகும், நனைந்த மேடையில் நின்று உலகப் பொருளாதாரத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிய மனிதர் அவர். எதிரே அப்போது மிச்சமிருந்தது ஒரு பசு மாடு மட்டும். "தாய்மார்களே" என்று அதையும் சேர்த்துத்தான் பேசினார் என்பார்கள்.

அப்படிப்பட்டவருக்குக் குரல்வளையில் புற்றுநோய் வந்தது. நல்லவேளையாக ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. புறவழிச் சாலையில் இருந்த புற்றுநோய் மருத்துவமனையில் முப்பத்து மூன்று முறை கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி கரைந்துவிட்டது. "ஆனா குரல் திரும்பணும்னா, சிகிச்சை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நான் சொல்ற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது" என்று டாக்டர் மெஹருன்னிசா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மையப்பன் நாற்பது பக்க நோட்டுகள் ஒரு டஜன் வாங்கி, எழுதிக் காட்ட ஆரம்பித்தார்.

அவற்றில் எட்டாவது நோட்டோடுதான் அன்றைக்கு ரோஸ்லினின் அறைக்கு வந்தார். ரோஸ்லின் அந்த மருத்துவமனையின் நுண்படப் பிரிவில் டெக்னீஷியன். முப்பத்தெட்டு வயது, வல்லத்துக்காரி. கதிர்வீச்சு முடிந்தவர்களின் தொண்டைக்குள் இடியாப்ப இழை கனத்தில் ஒரு குழாயை விட்டு, அங்கேயுள்ள திசுவை வெட்டாமல் கொள்ளாமல், செல் செல்லாகப் படம் எடுப்பது அவளுடைய வேலை.

"உட்காருங்க ஐயா" என்றாள்.

அவர் உட்காரவில்லை. நோட்டைத் திறந்து எழுதி, அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "மருத்துவத் துறையின் மணிவிளக்கே! குழாய் மூக்கு வழியாகவா, வாய் வழியாகவா?"

"மூக்கு வழியாங்கய்யா. வலிக்காது. தும்மல் வந்தா மட்டும் கையைத் தூக்குங்க."

"உயிரே போனாலும் தும்மேன்!" என்று எழுதி அடிக்கோடிட்டார். பிறகு மூன்று முறை தும்மினார்.

நாலாவது முயற்சியில் குழாய் இறங்கியது. திரையில் அவருடைய குரல்நாண் தெரிந்தது. கதிர்வீச்சு பட்ட திசு எப்போதும் அப்படித்தான், கோடையில் காய்ந்த குளத்துத் தரை போல இருக்கும். ஆனால் அம்மையப்பனின் குளத்தில் யாரோ ஏர் ஓட்டியிருந்தார்கள். ஒரே சீராக, நெருக்க நெருக்கமாக, ஆயிரக்கணக்கான வரிகள். தலைமுடியை ஆயிரம் கூறாக வகிர்ந்தால் ஒரு கூறு எத்தனை கனமோ அத்தனை மெல்லிய வரிகள்.

ரோஸ்லின் பெருமூச்சு விட்டாள். "பேசியிருக்கீங்கய்யா."

அவர் மூக்கில் குழாயோடு நோட்டை இழுத்து "இல்லை" என்று எழுதினார். அது போதாதென்று இன்னொரு "இல்லை" போட்டார்.

அரை மணி நேரத்தில் எல்லோரும் டாக்டர் மெஹருன்னிசாவின் அறையில் இருந்தார்கள். எல்லோரும் என்றால் அம்மையப்பன், அவருடைய மனைவி தையல்நாயகி, துணைக்கு வந்திருந்த ஒன்றியச் செயலாளர் கதிரொளி, படங்களோடு ரோஸ்லின்.

"ஒன்பது வாரமா பேசலைன்னு சொல்றாரு. படம் வேற மாதிரி சொல்லுது" என்றார் டாக்டர். "அம்மா, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். பேசும்போது குரல்நாண் நொடிக்கு நூறு தடவைக்கு மேல அதிரும். சாதாரணமா அது ஈரமா, கொழகொழன்னு இருக்கிறதால எவ்வளவு அதிர்ந்தாலும் பழையபடி ஆயிடும். கதிர்வீச்சு பட்டா கொஞ்சம் கொஞ்சமா இறுக ஆரம்பிக்கும். புதுசாப் பூசின சிமெண்ட் தரை மாதிரி. அது காயறதுக்குள்ள கோழி நடந்தா என்ன ஆகும்?"

"கால் தடம் விழுந்துடும்" என்றாள் தையல்நாயகி.

"அதேதான். ஒரு தடவை நடந்தா அழிஞ்சிடும். ஒரே இடத்துல திரும்பத் திரும்ப நடந்தா நிலைச்சு நின்னுடும். இவரு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பேசியிருக்காரு. இப்படியே போனா குரல் திரும்ப வராது, நான் சொல்லிட்டேன்."

அம்மையப்பன் மனைவியைச் சாட்சிக்கு அழைப்பவர் போல இரண்டு கையாலும் சுட்டிக் காட்டினார்.

"அவரு வாயைத் திறந்து நான் பாக்கலை டாக்டர்" என்றாள் தையல்நாயகி. ஐம்பத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, மடியில் ஒரு ஃபிளாஸ்க். சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கின் மூடியை இறுக்கத் தொடங்கினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

கதிரொளி நாற்காலியின் நுனிக்கு வந்தார். "மேடம், அந்த வரியைப் படிக்க முடியுமா?"

டாக்டர் பதில் சொல்லத் தயங்கியதால் ரோஸ்லின் சொன்னாள். "கேக்க முடியும் சார். எங்கப்பா மைக் செட் கடை வெச்சிருந்தாரு. இந்த வரிங்களை மொதல்ல பாத்தப்போ எனக்கு இசைத்தட்டு ஞாபகந்தான் வந்துச்சு. அளந்து கம்ப்யூட்டருக்குக் கொடுத்தோம். பேசிடுச்சு."

போன வருடம் அது பேசியபோது மருத்துவமனையே ஆடிப்போயிருந்தது. அதிலிருந்து இதுவரை பதினொரு பேருடைய தொண்டையை ரோஸ்லின் கேட்டிருந்தாள். பஸ் கண்டக்டர் ஒருவரின் தொண்டையில் "உள்ள போ, உள்ள போ" என்று இருந்தது. பேருந்துகளில் கண்டக்டர் என்ற வேலையே ஒழிந்து ஆறு வருடமாகியும் அவர் வீட்டில் யாரையோ உள்ளே போகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு தலைமை ஆசிரியையின் தொண்டையில் "சைலன்ஸ்." ஒரு வங்கி அதிகாரியின் தொண்டையில் "சர்வர் டவுன்." எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அய்யம்பேட்டைத் தறிக்காரர் ஒருவர் வந்தார். வீட்டில் யாரிடமும் வலிக்கிறது என்று சொல்லாத மனிதர். அவருடைய தொண்டையில் "வலிக்குதும்மா" என்பது மட்டும் இருந்தது, திரும்பத் திரும்ப. அன்றைக்கு ரோஸ்லின் மதியம் சாப்பிடவில்லை. அடுத்த வாரமே நெறிமுறைக் குழு கூடி, ஒலியை டெக்னீஷியனும் நோயாளியும் தவிர வேறு யாரும் கேட்கக் கூடாது, டாக்டர்கூடக் கேட்கக் கூடாது என்று விதி போட்டுவிட்டது.

இந்த விதியை ரோஸ்லின் எடுத்துச் சொல்லி முடிப்பதற்குள் கதிரொளி எழுந்து நின்றுவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அண்ணன் வெளியில பேசலை மேடம். அண்ணி சாட்சி. ஆனா உள்ளுக்குள்ள கொள்கை முழக்கம் போட்டுக்கிட்டே இருந்திருக்காரு! தூக்கத்துலகூடப் போட்டிருப்பாரு! அடுத்த மாசம் மன்னார்குடியில மாநாடு. அண்ணனால பேச முடியாதேன்னு தலைமையே கவலைப்பட்டுச்சு. இப்ப அண்ணன் தொண்டையே பேசப் போவுது!"

"நோயாளி சம்மதம் இல்லாம ஒரு எழுத்துகூட வெளிய போகாது" என்றார் டாக்டர்.

எல்லோரும் அம்மையப்பனைப் பார்த்தார்கள். அவருடைய முகத்தில் இரண்டு உணர்ச்சிகள் ஒரே நேரத்தில் வந்து இடம் கேட்டன. மாநாடு என்றதும் வந்த பிரகாசம் ஒன்று. இன்னொன்று என்னவென்று ரோஸ்லினுக்கு அப்போது தெரியவில்லை. கடைசியில் அவர் நோட்டில் எழுதினார். "பரிசீலிக்கலாம்."

அன்று பிற்பகல் ரோஸ்லின் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கொள்கை முழக்கத்துக்காக ஒலியைக் கொஞ்சம் குறைத்தே வைத்திருந்தாள்.

முதலில் தண்ணீர் கொட்டுவது போல இரைச்சல். கம்ப்யூட்டர் அதைச் சுத்தம் செய்தது. பிறகு அந்தக் குரல் வந்தது. கரகரப்பாக, ரகசியமாக.

"தையலு. உன் ரசம் நல்லாத்தான் இருந்துச்சு."

ரோஸ்லின் நிறுத்தினாள். மறுபடி போட்டாள்.

"தையல்நாயகி அவர்களே! உங்கள் ரசம், அன்றும் நன்றாக இருந்தது, இன்றும் நன்றாக இருக்கிறது!" இதற்குப் பின்னால் ஒரு இடைவெளி. கைதட்டலுக்காக விட்டிருந்த இடைவெளி என்பது அவளுக்குப் புரிந்தது. யாரும் தட்டாததால் குரல் மறுபடி இறங்கி வந்தது. "இந்தா... அந்த ரசம்... நான் சொன்னது தப்பு."

இப்படி விதவிதமாக. அதட்டலாக ஒன்று, கெஞ்சலாக ஒன்று, பேச்சுவாக்கில் சொல்வது போல ஒன்று. வரிகளின் ஆழத்தை வைத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு முப்பது முறைக்குக் குறையாது.

ரோஸ்லினுக்கு விஷயம் பிடிபட நேரமாகவில்லை. அந்த மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் பிடிபட்டிருக்கும். அம்மையப்பன் எந்த ஊரில் பேசினாலும் பேச்சை ஒரு நகைச்சுவையோடுதான் தொடங்குவார். "எங்க வீட்டு அம்மா வெச்ச ரசத்துல ஒரு ஈ விழுந்துடுச்சு. காப்பாத்தலாம்னு கரண்டியை எடுத்தேன். ஈ தானே நீந்திக் கரை ஏறி, 'தலைவரே, நான் தப்பிச்சிட்டேன், நீங்க பாத்து இருந்துக்குங்க'ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு!" கூட்டம் இருபத்தெட்டு வருடமாக அதற்குச் சிரித்தது. ரோஸ்லினும் பள்ளியில் படிக்கும்போது வல்லம் கடைத்தெருவில் நின்று சிரித்திருக்கிறாள். அந்த அம்மா ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தபோது, அவள்தான் அந்த ரசத்துக்காரி என்று தனக்குத் தோன்றவே இல்லையே என்று நினைத்தபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்று நாள் கழித்து அம்மையப்பன் தனியாக வந்தார். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டாள். மாநாட்டுக்கு ஏற்றதாக ஏதாவது இருக்கும் என்ற நம்பிக்கை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது போலிருக்கிறது, மீசையை ஒருமுறை நீவிக்கொண்டார். பத்து நொடியில் அவருடைய கை மீசையிலேயே நின்றுவிட்டது.

"குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தானே சொன்னேன்!" என்று எழுதினார். "தண்ணீர் சத்தத்தில் அமுங்கிப் போகும் என்று நினைத்தேன். அழித்துவிடுங்கள்."

"கம்ப்யூட்டர்ல இருக்கிறதை அழிச்சிடலாம்யா. உங்க தொண்டையில இருக்கிறதை எப்படி அழிக்கிறது? புது செல் வளர்ந்து மூடினாத்தான் உண்டு."

அவர் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். பிறகு எழுதத் தொடங்கி, நிறுத்தாமல் எழுதினார். மணிவிளக்கு, தாய்மார்களே எதுவும் இல்லாமல் அவர் எழுதி ரோஸ்லின் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கதிர்வீச்சுக்கு வந்த ஆறாவது நாள். கூடத்தில் காத்திருந்தோம். பக்கத்தில் இருந்த ஒரு பெண் இவளிடம், 'நீங்கதானே அந்த ஈ ரசத்து அம்மா?' என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். இவளும் சிரித்தாள். 'ஆமாம்' என்றாள். அப்போது இவள் முகத்தைப் பார்த்தேன். மேடையில் இருக்கும்போது எனக்குக் கூட்டத்தின் முகம்தான் தெரியும். இருபத்தெட்டு வருடமாக இவள் அந்த முகத்தோடு கடைக்குப் போயிருக்கிறாள், கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறாள். அதற்கப்புறம் எனக்கு எதுவுமே தொண்டையில் இறங்கவில்லை. இட்லி முள்ளாகக் குத்தியது. பால் எரிந்தது. இறங்கியது ஒன்றே ஒன்று. எது என்று நான் எழுத வேண்டியதில்லை."

ரோஸ்லின் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். "இதை அப்படியே அம்மாகிட்ட எழுதிக் காட்டியிருக்கலாமேய்யா?"

"முயன்றேன். 'உன் ரசம்' வரைக்கும் எழுதினேன். உப்பு கம்மியா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்."

"சரி, இப்ப ரகசியமாச் சொல்றதை வெளிய வந்து ஒரே தடவை சொல்லியிருந்தா, தினம் முப்பது தடவை சொல்லித் தொண்டையைப் புண்ணாக்கியிருக்க வேணாமே?"

அம்மையப்பன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "பத்தாயிரம் பேர் என்றால் எனக்குப் பயமில்லை அம்மா" என்று எழுதினார். "ஒரே ஒருத்தி என்றால் எங்கே பார்த்துப் பேசுவது என்று தெரியவில்லை."

மறுநாள் தையல்நாயகி அறிக்கை வாங்க வந்தாள். உறையை வாங்கிக்கொண்டவள் போகாமல் நின்றாள்.

"அவரு தொண்டையில என்ன இருக்குன்னு நீங்க சொல்லக் கூடாது, இல்லையா?"

"சொல்லக் கூடாதும்மா. விதி. தப்பா நினைக்காதீங்க."

"சொல்ல வேணாம். எனக்குத் தெரியும்." தையல்நாயகி சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க குளியலறை சன்னல் கொல்லைப் பக்கம் இருக்கு. சன்னலுக்கு நேர் கீழே துணி துவைக்கிற கல்லு. அவரு குழாயைத் திறந்துவிட்டா தண்ணிச் சத்தம் உள்ளதான், வெளியில அவரு பேசறதுதான் கேக்கும். மொத நாள், 'தையல்நாயகி அவர்களே'ன்னு கேட்டதும் யாரோ கட்சிக்காரங்க வந்திருக்காங்கன்னு நெனச்சேன். அப்புறந்தான் புரிஞ்சுது. சிரிப்பு தாங்கலை. முந்தானையை வாயில வெச்சு அமுக்கிக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு நாள் அழுகை வந்துடுச்சு. அதுக்கும் முந்தானைதான். மூணாவது வாரம் செவ்வாக்கிழமை ஒண்ணு சொன்னாரு பாருங்க, ரொம்ப நல்லாருந்துச்சு. சரி, இன்னிக்கு வெளிய வந்து சொல்லிடுவாருன்னு கையைத் தொடச்சிக்கிட்டு வாசல்ல போய் நின்னேன். துண்டால முகத்தைத் தொடச்சிக்கிட்டே வந்து, 'பேப்பர் வந்துவிட்டதா?'ன்னு எழுதிக் காட்டினாரு."

ரோஸ்லினால் இந்த முறை அடக்க முடியவில்லை. இருவரும் சேர்ந்தே சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ரோஸ்லினுக்குத்தான் அந்தக் கேள்வி வந்தது. "ஆனா அம்மா, பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்களே. நீங்க ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். குரலே போயிருக்கும்."

தையல்நாயகி உறையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். "அதுதான் என்னை அறுக்குது. நாளைக்குத் தடுத்துடணும்னு தினமும் நெனப்பேன். மறுநாள் காலையில வாளியைத் தூக்கிக்கிட்டு அந்தக் கல்லுல போய் உக்காந்துடுவேன். இருபத்தெட்டு வருஷமா வராத பேச்சு. வந்துக்கிட்டு இருக்கும்போது எப்படிம்மா நிறுத்தறது?"

போகும்போது வாசலில் திரும்பி நின்றாள். "எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா, 'அதுதான் கேட்டுவிட்டாயே'ன்னு எழுதிக் காட்டிட்டு அதோட முடிச்சுக்குவாரு. அவரு வாயால என் முகத்தைப் பாத்துச் சொல்லணும்."

இப்படியாக, கணவனின் ரகசியத்தை மனைவியிடமும் மனைவியின் ரகசியத்தைக் கணவனிடமும் சொல்ல முடியாமல் ரோஸ்லின் ஒரு மாதம் ஓட்டினாள். தினமும் ஏழெட்டுத் தொண்டைகளைப் பார்க்கிறவளுக்கு அந்த மாதம் தன் தொண்டையில்தான் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது.

அந்த ஒரு மாதத்தில் கதிரொளி சும்மா இருக்கவில்லை. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் சுவர் காலியாக இருந்த இடத்திலெல்லாம் போஸ்டர் ஒட்டிவிட்டார். "தொண்டனின் தொண்டை பேசுகிறது! தொண்டர்களே, திரண்டு வாரீர்!" கீழே அம்மையப்பனின் படம், வாயைத் திறந்தபடி. நடுவில் வாய்க்குள்ளிருந்து உதயசூரியனா நட்சத்திரமா என்று தெரியாத ஒளி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. அம்மையப்பனிடம் அவர் சம்மதம் கேட்கும்போதெல்லாம் "பரிசீலிக்கலாம்" என்றே பதில் வந்தது. பரிசீலிக்கலாம் என்றால் சரி என்று அர்த்தம் எடுத்துக்கொள்வது கதிரொளிக்குக் கட்சி கற்றுக்கொடுத்த பழக்கம்.

மாநாட்டுக்கு முதல் நாள் அம்மையப்பனுக்கு அடுத்த பரிசோதனை. டாக்டர் மெஹருன்னிசா கண்ணாடியை வைத்துத் தொண்டையைப் பார்த்தார். "வீக்கம் வத்தியிருக்கு. இன்னிலேர்ந்து பேசலாம். ஆனா ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். பதினோராவது நிமிஷம் பேசினீங்கன்னா நான் பொறுப்பில்லை. போய் நுண்படம் எடுத்துக்கிட்டு வாங்க." அம்மையப்பன் தலையை ஆட்டினார். பேச அனுமதி கிடைத்தும் வாயைத் திறக்கவில்லை.

வெளி நோயாளிகள் கூடத்தில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். அவர்களோடு கதிரொளியும் கட்சித் துண்டு போட்ட இருபது பேரும் வந்து நின்றிருந்தார்கள். அம்மையப்பனும் தையல்நாயகியும் போய் உட்கார்ந்ததும் கதிரொளி ஓடி வந்தார்.

"அண்ணே, வண்டி ரெடி. நாளைக்குக் காலையில ஒலிப்பதிவு மன்னார்குடியில இருக்கணும். ஒரே ஒரு கையெழுத்து. எல்லாரும் எதிர்பாத்துக்கிட்டு இருக்காங்க. கொடுக்கலைன்னா தொண்டையில ஒண்ணுமே இல்லைன்னு எதிர்க்கட்சிக்காரன் கிளப்பிவிட்டுடுவான்."

ரோஸ்லின் தன் அறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மையப்பன் காகிதத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தையல்நாயகி சுவரிலிருந்த கை கழுவும் முறை பற்றிய படத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்தார். டோக்கன் எண் கூப்பிடும் மேஜைக்கு நேராகப் போனார். நர்ஸ் கையிலிருந்த மைக்கை, பிறந்ததிலிருந்தே அது தன்னுடையது என்பது போல இயல்பாக வாங்கினார். இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார்.

"பெரியோர்களே" என்றார். "தாய்மார்களே."

அது சங்கநாதம் இல்லை. ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத ரேடியோ. ஆனாலும் கூடத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"என் தொண்டையில கொள்கை இருக்குன்னு போஸ்டர் ஒட்டியிருக்காங்க. இல்லை. நாப்பது வருஷம் நான் பேசின பேச்சுல ஒரு வரிகூட அங்க இல்லையாம். வேற ஒண்ணு இருக்கு. நான் ஊர் ஊரா ஒரு ரசத்தைப் பத்திப் பேசியிருக்கேன். நீங்களும் சிரிச்சிருப்பீங்க. அதுல ஈ விழவே இல்லை. அது நான் கட்டின கதை. அந்த ரசம் நல்லாத்தான் இருந்துச்சு. இருபத்தெட்டு வருஷமா நல்லாத்தான் இருந்துச்சு. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து எனக்காக அடுப்புல வெந்த ஒரு மனுஷியை நான் நாலு பேர் சிரிக்கிறதுக்காக..."

குரல் உடைந்தது. புற்றுநோயாலா வேறெதாலா என்று சொல்ல முடியவில்லை. இடைவெளி விழுந்ததும் துண்டு போட்ட இருபது பேரும் பழக்க தோஷத்தில் கை தட்டினார்கள். ஒருவர் "சங்கநாதம்!" என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் "வாழ்க!" என்றார்கள். நோயாளிகளும் தட்ட ஆரம்பித்தார்கள். அம்மையப்பனின் கழுத்து மெல்ல நிமிர்ந்தது. வலது கை தானாக மேலே போனது. அடுத்த வாக்கியம் உலகப் பொருளாதாரத்துக்குப் போய்விடும் என்று ரோஸ்லினுக்குத் தோன்றிய அந்த நொடியில் தையல்நாயகி எழுந்தாள்.

"என்னங்க" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. "மைக்கை வெச்சிட்டு இங்க வாங்க."

கைதட்டல் நின்றது. அம்மையப்பன் மைக்கைப் பார்த்தார். அதை நர்ஸிடம் கொடுப்பதற்கு அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு வரிசையாகக் கிடந்த நாற்காலிகளின் நடுவே, நீட்டிய கால்களைத் தாண்டித் தாண்டி, மனைவி நின்ற இடத்துக்கு நடந்தார். இருபது அடி தூரம்தான். இத்தனை மெதுவாக அவர் எந்த மேடையிலும் ஏறியதில்லை. எதிரே போய் நின்றார். கூட்டத்தைப் பார்க்கவில்லை. என்னவோ சொன்னார். மிகவும் சுருக்கமாக இருந்திருக்க வேண்டும், உதடு இரண்டு மூன்று முறைதான் அசைந்தது. நூற்றைம்பது பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தும் ஒருவருக்கும் கேட்கவில்லை. ரோஸ்லினுக்கும் கேட்கவில்லை.

தையல்நாயகி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க டோக்கனைக் கூப்பிடறாங்க. போங்க" என்றாள்.

கதிரொளி கையெழுத்தில்லாத காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரோஸ்லினைக் கடந்து போகும்போது நின்று, "மேடம், இந்த டெஸ்டு, கதிர்வீச்சு எடுக்காதவங்களுக்கு வேலை செய்யாதில்ல?" என்று கேட்டார்.

"செய்யாது சார்."

"நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

அம்மையப்பன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ரோஸ்லின் குழாயை எடுத்தபோது கையைத் தூக்கினார். தும்மல் என்று நினைத்தாள்.

"படம் மட்டும் எடும்மா" என்றார் அந்தக் கரகரத்த குரலில். "சத்தம் வேணாம்."

அவள் ஒலிப் பகுதியை அணைத்தாள். குழாய் ஒரே முறையில் இறங்கியது. திரையில் பழைய வரிகளின் மேல் அங்கங்கே புதிய செல்கள், ஈரமாக, பளபளப்பாக வளர ஆரம்பித்திருந்தன. அறிக்கையில் "திசு ஆறி வருகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். டாக்டர் மெஹருன்னிசா அதைப் படித்துவிட்டு மறுபடி சன்னல் பக்கம் போனார். மாடிச் சன்னலிலிருந்து மருத்துவமனை பஸ் நிறுத்தம் நன்றாகத் தெரியும்.

"ரோஸ்லின், அங்க பாரு. அரை மணி நேரமா அந்த நிறுத்தத்துலயே இருக்காங்க. நான் என்ன சொன்னேன்? பத்து நிமிஷம்னு சொன்னேனா இல்லையா? இறங்கிப் போய் அவரு வாயை மூடச் சொல்லு."

ரோஸ்லின் டாக்டருக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள். நிறுத்தத்தில் அவர்கள் இரண்டு பேர்தான். டிரைவர் இல்லாத பஸ் ஒன்று வந்து, கதவைத் திறந்து, "ஏறுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக நின்றது.

"அவரு பேசலை டாக்டர்" என்றாள்.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கையை வீசி, விரலை மடக்கி ஒவ்வொன்றாக எண்ணி, நடுநடுவே ஃபிளாஸ்க்கைப் பெஞ்சில் தட்டிப் பேசிக்கொண்டிருந்தவள் தையல்நாயகி. அம்மையப்பன் வாயைத் திறக்காமல், கைகளை மடியில் வைத்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுடைய மற்றொரு கையின் விரல்கள் இன்னும் மடக்கப்படாமல் இருந்தன.

பஸ் கதவை மூடிக்கொண்டு புறப்பட்டது. அதற்குப் பின்னால் வந்ததும் போனது.